இரட்டைக் குழாயைக் கொன்ன புண்ணியவான்

பழைய அமெரிக்கக் கார்னா உசுரை விடுற ஆளுங்ககிட்ட கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்க. எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில 1975-ல வந்து நிப்பாங்க. அந்த வருசம்தான் அரசாங்கம் வி-8 எஞ்சினோட குரல்வளையை நெரிச்சிடுச்சு, அதுவரைக்கும் ரெண்டு குழாய் வழியா கர்ஜிச்சுட்டு இருந்த சிங்கம் ஒத்தைக் குழாய்ல முனகுற பூனை ஆயிடுச்சுன்னு ஒரே ஒப்பாரி. இந்த ஒப்பாரியில பாதி உண்மை. மீதிப் பாதியில ஒரு ஆளு ஒளிஞ்சிருக்கார். ரெண்டு குழாயை அமெரிக்காவோட தெருத்தெருவுக்கும் கொண்டுபோனவரும், அதைப் பிடுங்கினவரும் ஒரே ஆளுதான். பேரு எட் கோல்.

சமீபத்துல கூட வேலை பாக்குற ஒருத்தர் (மிஷிகன்ல இருக்கார், வீட்டுல 1975 கார்வெட் ஒண்ணு வெச்சிருக்கார்) அதுக்கு டூயல் எக்ஸாஸ்ட் போடணும், கணக்குப் போட்டுக் குடுன்னு கேட்டார். கணக்கை விட அந்தக் குழாயோட பழைய கதை பெருசா இருந்துச்சு. அதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். நம்மூர்ல எஞ்சின்ல இருந்து பின்னாடி வர்ற மொத்தக் குழாயையும் சைலன்சர்னுதான் சொல்லுவோம். அது பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போன வார்த்தை. அமெரிக்காவுல அந்த டப்பாவுக்கு மட்டும் மஃப்ளர்னு பேரு. 1897-ல மில்டன் ரீவ்ஸ்னு இண்டியானாக்காரர் ஒருத்தர் இதுக்குப் பேட்டன்ட் வாங்கினார். ஆனா டப்பா வந்த கையோடயே அதை ஏமாத்துற வழியும் வந்துடுச்சு. 1910-கள்ல கால் பக்கத்துல ஒரு மிதி இருக்கும், அதை அமுக்கினா வழியில ஒரு கதவு திறந்து புகை மஃப்ளருக்குப் போகாம நேரா வெளிய வந்துடும். கட்அவுட்னு பேரு (நம்ம மவுண்ட் ரோடு கட்அவுட் இல்ல!). ஊருக்குள்ள ஒழுங்குப் பிள்ளை, ஊரைத் தாண்டினா டமடம. சத்தம் போடுற ஆசைக்கு வயசு நூறுக்கு மேல ஆச்சு.

1932-ல ஃபோர்டு தன்னோட வி-8 எஞ்சினை விட்டது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். வி-8 எஞ்சினைச் சாமானியன் வாங்குற விலைக்குக் கொண்டுவந்தது இதுதான். வி-ன்னா சிலிண்டர்கள் ரெண்டு வரிசையா, வரிசைக்கு நாலா நிக்கும். ரெண்டு வரிசையிலயும் புகை வரும். ஃபோர்டு என்ன பண்ணினார்னா, ஒரு பக்கத்துப் புகையை ஒரு குறுக்குக் குழாய்ல மறுபக்கம் கொண்டுவந்து ஒண்ணாச் சேர்த்து, ஒத்தைக் குழாய், ஒத்தை மஃப்ளர் வழியா பின்னாடி அனுப்பிட்டார். காசு மிச்சம். போதாக்குறைக்கு வரிசைக்கு நாலு சிலிண்டர் இருந்தும் புகை வெளிய வர மூணே ஓட்டை, நடுவுல இருக்குற ரெண்டும் ஒண்ணைப் பங்கு போட்டுக்கும். அந்தப் பாதையும் எஞ்சின் கட்டைக்குள்ளயே சுத்திவரும், அதனால சீக்கிரம் சூடேறும்.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு திரும்பி வந்த பசங்க கையில கொஞ்சம் காசு, பட்டாளத்துல கத்துக்கிட்ட மெக்கானிக் வேலை, தெருவுல மலிவாக் கிடைச்ச பழைய ஃபோர்டு. தெற்கு கலிஃபோர்னியாவுல மூரோக், எல் மிராஜ்னு வறண்ட ஏரிப் படுகைகள் இருக்கு. போருக்கு முன்னாடியே, 1937-ல, அங்க ரேஸ் விட ஒரு சங்கம் ஆரம்பிச்சிருந்தாங்க. போருக்கு அப்புறம் அது திருவிழாவாவே ஆயிடுச்சு. அந்தப் பசங்க ஃபோர்டு எஞ்சின்ல செஞ்ச முதல் சில வேலைகள்ல ஒண்ணு, அந்தக் குறுக்குக் குழாயைக் கழட்டிக் கடாசிட்டு ஆளுக்கொரு பக்கம் தனிக் குழாய் விட்டது. டூயல் எக்ஸாஸ்ட் கம்பெனி ஆய்வகத்துல இருந்து வந்ததை விட, பெரும்பாலும் வீட்டு கேரேஜ்ல வெல்டிங் அடிச்சுப் பரவினதுன்னு சொல்லலாம்.

இப்ப எட் கோல் வர்றார். 1909-ல மிஷிகன்ல பிறந்தவர், ஜெனரல் மோட்டார்ஸ் நடத்தின இன்ஸ்டிடியூட்லயே படிச்சவர். 1949 காடிலாக்கோட புது வி-8-ஐ உருவாக்கினவங்கள்ல ஒருத்தர். 1952-ல அவரை ஷெவர்லேவுக்குத் தலைமை எஞ்சினியராப் போட்டாங்க. அப்ப ஷெவர்லேன்னா ஆறு சிலிண்டர், ஆபீஸ் போற அப்பாவோட கார். மூணு வருசத்துல, 1955-ல, 265 கன அங்குல வி-8 வெளிய வந்தது. சின்னது, கனம் குறைவு, செய்யுறது சுலபம். சாதாரண மாடல்ல 162 குதிரைத்திறன். 'பவர் பேக்'னு காசு கூடக் கொடுத்து வாங்கினா நாலு தொண்டை கார்புரேட்டரும் டூயல் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து வரும், 180 குதிரைத்திறன். கேரேஜ் பசங்க கையால செஞ்சதை ஷோரூம்லயே போட்டுக் கொடுத்துட்டாங்க.

அந்தக் கூடுதல் 18-ல குழாயோட பங்கு எவ்வளவுன்னு கேட்டா யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. அந்தக் காலத்துல விளம்பரத்துல போட்ட எண் எல்லாம், எஞ்சினைத் தனியா ஒரு மேடையில வெச்சு, கார்ல இருக்குற மஃப்ளர் எதுவும் மாட்டாம அளந்தது. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறப்ப காட்டுற சம்பள ஸ்லிப் மாதிரி, பிடித்தத்துக்கு முந்தின தொகை :-)

ஆனா சத்தம் உண்மை. அதுக்குப் பின்னாடி ஒரு அழகான கணக்கு இருக்கு. இந்த ஷெவர்லே எஞ்சின்ல சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண் எல்லாம் இடது பக்கம், இரட்டைப்படை எல்லாம் வலது பக்கம். அப்படின்னா வரிசை இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது, வலது. மொத்த எஞ்சினுக்கும் 90 டிகிரிக்கு ஒரு வெடி, கடிகாரம் மாதிரி சீரா வரும். எட்டையும் ஒரே குழாய்ல சேர்த்தா சீரான ஹூம்னு ஒரு சத்தம்தான். ஆனா இடது பக்கத்துக்குன்னு ஒரு தனிக் குழாய் விட்டா, அந்தக் குழாய்க்கு வெடிகளோட இடைவெளி 270, 180, 90, 180. தவில்காரர் ஒரு அடியை இழுத்து, அடுத்த அடியை நெருக்கி வாசிக்கிற மாதிரி. அமெரிக்க வி-8-னா நம்ம காதுல கேக்குற அந்தக் கடகட, குபுகுபு இந்த ஒழுங்கீனம்தான். ஒருத்தர் உக்காந்து ரசனையோட வடிவமைச்சது இல்ல, குழாயைப் பிரிச்சதால தானா வந்த விளைவு.

1960-கள் பூரா இதுதான் ராஜ்ஜியம். பின்னாடி ரெண்டு குழாய் தெரிஞ்சா இது பெரிய எஞ்சின்னு அர்த்தம். கோல் படிப்படியா ஏறி 1967-ல ஜி.எம். தலைவர் ஆனார். நடுவுல கார்வேர்னு பின்பக்க எஞ்சின் கார் ஒண்ணு கொண்டுவந்து, ரால்ஃப் நாடர்கிட்ட வசமா வாங்கிக் கட்டிக்கிட்டதும் இவர்தான். அது தனிக் கதை.

நிற்க. குழாய் கதைக்குள்ள ஈயம் வருது. இதைச் சொல்லாம 1975 புரியாது.

வி-8-ல பலம் கூடணும்னா பெட்ரோல்-காற்றுக் கலவையை நல்லா இறுக்கி அமுக்கணும். ரொம்ப அமுக்கினா நேரத்துக்கு முன்னாடியே கண்டபடி வெடிச்சு எஞ்சின் 'டக்கு டக்கு'ன்னு அடிக்கும். 1921 டிசம்பர்ல ஜி.எம். ஆய்வகத்துல தாமஸ் மிட்ஜ்லி இதுக்கு மருந்து கண்டுபிடிச்சார். டெட்ரா எத்தில் லெட், ஈயத்துல செஞ்ச ஒரு திரவம். 1923-ல விற்பனை, 1924-ல ஜி.எம்.மும் நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து எத்தில் கார்ப்பரேஷன். அதே 1924 அக்டோபர்ல நியூஜெர்சி ஆலையில 5 தொழிலாளிங்க புத்தி பேதலிச்சுச் செத்தாங்க. மிட்ஜ்லி பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு அந்தத் திரவத்துல கையைக் கழுவி, ஒரு நிமிசம் மோந்து காட்டி, ஒண்ணும் ஆகாதுன்னார். இதுல கொடுமை என்னன்னா, முந்தின வருசம்தான் அவரே ஈய விஷம் ஏறி லீவு போட்டு உடம்பைத் தேத்திக்கிட்டு வந்திருந்தார். (ஓசோன் படலத்தை ஓட்டை போட்ட ஃப்ரியானும் இவரோட கைவண்ணம். ஒரே ஆளு எத்தனைதான் செய்வார்!)

அதுக்கப்புறம் ஐம்பது வருசம், 1970-களோட ஆரம்பத்துல கேலனுக்குச் சுமார் 2 கிராமுக்கு மேல ஈயம் பெட்ரோல்ல. அது எரிஞ்சு எங்க போகும்? நம்ம கதாநாயகன் இருக்காரே, அந்த அழகான ரெண்டு குழாய், அது வழியா தெருவுக்கு வரும். தெருவுல விளையாடுற புள்ளைங்க மூச்சுல, கையில, வாயில. பூமியோட வயசைக் கணக்குப் போட்ட கிளேர் பேட்டர்சன், கல்லுல இருக்குற ஈயத்தை அளக்கப் போய், காத்துலயும் கடல்லயும் மனுசன் ஏகப்பட்ட ஈயத்தைக் கலந்துட்டான்னு 1965-ல எழுதினார். ஈயக் கம்பெனிக்காரங்களோட பகையைச் சம்பாதிச்சுக்கிட்டதுதான் அவருக்குக் கிடைச்ச உடனடிப் பரிசு.

ஆனா கோல் கையை எடுக்க வெச்சது புள்ளைங்க மூளை இல்ல, லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டம். 1943-லயே அந்த ஊர் கண்ணெரிஞ்சு திணறினது. 1950-களோட ஆரம்பத்துல கால்டெக்ல ஆரி ஹாகன்-ஸ்மிட், கார்ப் புகை வெயில்பட்டுத்தான் இது உருவாகுதுன்னு நிரூபிச்சார். அந்தச் சமயத்துலயே பிரான்ஸ்ல இருந்து வந்த யூஜின் ஹூட்ரி, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒண்ணைச் செஞ்சு வெச்சிருந்தார். பிளாட்டினம் மாதிரி உலோகம் பூசின பரப்பு மேல சூடான புகை பட்டா கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் கார்பன் டை ஆக்சைடாவும் தண்ணியாவும் மாறிடும். ஆனா கார்ல மாட்ட முடியல. ஏன்னா பெட்ரோல்ல இருக்குற ஈயம் அந்தப் பரப்பு மேல படிஞ்சு அதைச் சாகடிச்சிடும். மருந்து ரெடி, நோயாளி தினமும் விஷம் குடிச்சுட்டு இருக்கான்.

1970 டிசம்பர் 31 அன்னைக்கு நிக்சன் கையெழுத்துப் போட்ட சுத்தக் காற்றுச் சட்டம், 1975 மாடல்ல கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் 90 சதவீதம் குறையணும்னு கெடு வெச்சது. கோல் அதுக்கு முன்னாடியே, அந்த வருச ஆரம்பத்துலயே, பெட்ரோல்ல இருந்து ஈயத்தை எடுங்கன்னு வெளிப்படையாப் பேச ஆரம்பிச்சுட்டார். பேச்சோட நிறுத்தல. 1971 மாடல் எஞ்சின் எல்லாத்துலயும் அமுக்க விகிதத்தைக் குறைக்கச் சொன்னார், ஈயமில்லாத பெட்ரோல்லயும் ஓடணும்னு. கார்வெட்டோட எல்டி-1 எஞ்சின் 11-க்கு 1-ல இருந்து 9-க்கு 1-க்கு இறங்கினது. குதிரைத்திறன் 370-ல இருந்து 330. ஒப்பாரியோட முதல் வரி இங்க ஆரம்பம்.

ஈயத்தைப் பெட்ரோல்ல கலந்தது ஜி.எம்., அதுல பல வருசம் சம்பாதிச்சதும் ஜி.எம். எத்தில்ல இருந்த பங்கை 1962-ல வித்துட்டாங்க. அதுக்கப்புறம் எட்டே வருசத்துல ஈயம் வேண்டாம்னு சொல்றது அவங்களுக்குப் பெரிய தியாகம் ஒண்ணும் இல்ல. கெடுவைத் தள்ளிப்போடச் சொல்லி வாஷிங்டன்ல வாதாடினதும் இதே ஜி.எம்.தான், முழு இலக்கு அப்படித் தள்ளியும் போச்சு. கோலை மகான்னு நான் சொல்ல வரல. ஆனா வேற வழியும் இருந்துச்சுங்கிறதைக் கவனிக்கணும். ஹோண்டா தன்னோட சிவிசிசி எஞ்சினால கன்வெர்ட்டரே இல்லாம அந்த அளவைத் தொட்டுக் காட்டினது. கிரைஸ்லருக்கும் பெட்ரோலைக் குறைச்சுக் காத்தைக் கூட்டி எரிக்கிற வழிமேலதான் ஆசை. எல்லாரும் அந்த வழியில போயிருந்தா எஞ்சினுக்கு ஈயத்தால எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது, ஈயமும் இன்னும் ரொம்ப நாள் பெட்ரோல்ல இருந்திருக்கும். கன்வெர்ட்டர்ங்கிற நோஞ்சான், ஈயம் பட்டா செத்துப்போற ஜந்து, அதை ஒவ்வொரு கார்லயும் மாட்டினதாலதான் ஈயம் வெளிய போச்சு. அதோட பலவீனம்தான் ஊருக்கு லாபம்.

1974 ஜூலையில இருந்து ஈயமில்லாத பெட்ரோல் பெரிய பங்க் எல்லாத்துலயும் கிடைக்கணும்னு விதி வந்தது. செப்டம்பர்ல கோல் ரிட்டயர் ஆனார். அதே மாசங்கள்ல 1975 மாடல்கள் கன்வெர்ட்டரோட வெளிய வந்தது. 1974 வரைக்கும் ரெண்டு தனித்தனிக் குழாயோட வந்த கார்வெட்ல, இப்ப ரெண்டு பக்கத்துப் புகையும் ஒரு ஒய் வடிவக் குழாய்ல சேர்ந்து, ஒத்தைக் கன்வெர்ட்டருக்குள்ள போய், வெளிய வந்து, பின்னாடி மறுபடி ரெண்டாப் பிரியும். பாக்க ரெண்டு, உள்ள ஒண்ணு. ஏன் ரெண்டு கன்வெர்ட்டர் மாட்டலன்னா, முதல் காரணம் பிளாட்டினம் விலை. ரெண்டாவது, அது வேலை செய்ய நல்லா சூடேறணும். எட்டு சிலிண்டர் புகையும் ஒண்ணுக்குள்ளயே போனா சீக்கிரம் சூடேறும்.

குதிரைத்திறன் 165. இந்த எண்ணைத்தான் 1970-ஓட 370-க்குப் பக்கத்துல வெச்சு அழுவாங்க. அது முறையில்ல. 1972-ல இருந்து மஃப்ளர், ஃபேன் எல்லாம் மாட்டி அளக்க ஆரம்பிச்சுட்டாங்க, பிடித்தம் போக கைக்கு வர்ற சம்பளம். அதுமட்டுமில்லாம 370-ங்கிறது அன்னைக்கு இருந்த பெரிய ஆட்டக்காரன், 165-ங்கிறது அடிமட்ட எஞ்சின். அதே 1975-ல எல்82 எஞ்சின் வாங்கினா 205. இறக்கம் உண்மை, ஆனா சொல்ற அளவுக்குப் பள்ளம் இல்ல.

ஜனங்க சும்மா இருப்பாங்களா? ஈயமில்லாத பெட்ரோலுக்குன்னு டேங்க் வாயைச் சின்னதா வெச்சா, அதைக் குடைஞ்சு பெருசாக்கி ஈய பெட்ரோல் ஊத்தினாங்க, சில சென்ட் மிச்சம்னு. கன்வெர்ட்டரைக் கழட்டிட்டு அந்த இடத்துல மாட்ட 'டெஸ்ட் பைப்'னு ஒரு வெத்துக் குழாய் கடையில வித்தது. என்ன டெஸ்டோ! கன்வெர்ட்டர்ல இருந்து அழுகின முட்டை நாத்தம் வருதுன்னு வேற புகார். அது பெட்ரோல்ல இருந்த கந்தகத்தோட வேலை.

1976-ல ஒரு சராசரி அமெரிக்கன் ரத்தத்துல டெசிலிட்டருக்கு 14.6 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 1980-ல 9.2. நாலே வருசத்துல 37 சதவீதம் இறக்கம். பெட்ரோல்ல ஈயம் இறங்கின கோடும் ரத்தத்துல இறங்கின கோடும் பக்கத்துல பக்கத்துல போட்டா இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். 1979-ல ஹெர்பர்ட் நீடில்மேன் புள்ளைங்களோட விழுந்த பால் பல்லை வாங்கி அளந்து, ஈயம் கூடுன புள்ளைங்களுக்கு ஐ.க்யூ. குறைவா இருக்கு, கவனம் சிதறுதுன்னு காட்டினார். 2021-ல இருந்து அமெரிக்காவுல ஒரு குழந்தைக்கு 3.5 இருந்தாலே டாக்டர் கவனிக்கணும்னு அளவு வெச்சிருக்காங்க. அந்தக் கணக்குல 1976-ல மொத்த நாடுமே நோயாளி. டூயல் எக்ஸாஸ்ட் சத்தத்துக்காக அழறவங்க பெரும்பாலும் அந்த வருசங்கள்ல தெருவுல விளையாடின புள்ளைங்கதான்ங்கிறது எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம்.

நம்ம பக்கம் இது வர இருபது வருசம் ஆச்சு. 1995 ஏப்ரல் 1-ல இருந்து சென்னை உள்பட நாலு பெருநகரத்துலயும் புது பெட்ரோல் காருக்குக் கன்வெர்ட்டர், கூடவே ஈயமில்லாத பெட்ரோல். 2000-ல நாடு முழுக்க. உலகத்துலயே கடைசியா அல்ஜீரியா நிறுத்தினது 2021 ஜூலையில.

கோல் இதையெல்லாம் பாக்கல. 1977 மே மாசம் தன்னோட சின்ன விமானத்தைத் தானே ஓட்டிட்டுப் போறப்ப கலமாஸூ பக்கத்துல விழுந்து இறந்துட்டார். அவர் செஞ்ச வி-8-ஓட வாரிசுகள் மட்டும் ஓடிட்டே இருந்தது. நிஜமான டூயல் எக்ஸாஸ்ட்டும் திரும்பி வந்தது, சட்டத்தை மீறி இல்ல. 1986 மஸ்டாங் 5.0-ல பக்கத்துக்குத் தனித்தனியா கன்வெர்ட்டர் வெச்சு, நடுவுல ஒரு எச் வடிவக் குழாயால இணைச்சு, கடைசி வரைக்கும் ரெண்டாவே கொண்டுபோனாங்க. பதினோரு வருசம் காத்திருந்தா ரெண்டும் கிடைக்கும்னு 1975-ல யாரும் நம்பியிருக்க மாட்டாங்க.

பி.கு: கேட்ட கணக்கு இதோ. 3 அங்குலக் குழாய் ஒண்ணோட பரப்பு 7.07 சதுர அங்குலம். 2 அங்குலம் ரெண்டு போட்டா 6.28 தான், செலவு பண்ணி வழியைக் குறுக்கின மாதிரி. 2¼ ரெண்டுன்னா 7.95. 2½ ரெண்டுன்னா 9.82. ஆனா ரெண்டு குழாய்ல சுவரும் கூடும், 2¼ ரெண்டோட சுற்றளவு ஒத்தை 3 அங்குலத்தை விட ஒண்ணரை மடங்கு, உராய்வும் கூடும். எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்னு மெக்கானிக் சொன்னா தலையாட்டிட்டு வந்துடுங்க, வேணுங்கிறது பிரஷர் இல்ல, வேகம். குழாய் ரொம்பப் பெருசானா புகை சோம்பேறி ஆயிடும், முன்னாடி போன புகை பின்னாடி இருக்குறதை இழுக்காது, சிக்னல்ல கிளம்புறப்ப வண்டி மந்தமாகும். அதனால 350 கன அங்குல சாதா எஞ்சினுக்கு 2¼ போதும், எஞ்சினை ஏத்தியிருந்தா 2½. எச் பைப்போ எக்ஸ் பைப்போ கண்டிப்பா போடணும், ஒரே பக்கம் அடுத்தடுத்து ரெண்டு வெடி வர்றப்ப அழுத்தம் மறுபக்கம் போக வழி வேணும். எக்ஸ் போட்டா ரெண்டு பக்கமும் நல்லாக் கலந்து சத்தம் கொஞ்சம் சீராகி மெலிசாகும், பழைய குபுகுபு வேணும்னா எச். பக்கத்துக்கு ஒரு கன்வெர்ட்டர், ஒய் குழாய் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே, எஞ்சினுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட. அதை விட்டுட்டு வெறும் குழாய் போடுறதா இருந்தா என்கிட்ட கணக்குக் கேக்காதீங்க.